புனிதா கார் வாங்கிய கதை

புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் புனிதாவைத் தெரியாதவர்கள் இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவணுமா? புனிதாவுக்குப் போன் போடு" என்பது அங்கே வாய்ப்பழக்கமாகிவிட்ட பேச்சு. நடக்க முடியாதவர், கண் அறுவை செய்துகொண்டவர், மருந்து ஏறித் துவண்டு கிடப்பவர் என்று எல்லாரையும் கைத்தாங்கலாக ஏற்றி, மலாக்கா டவுனுக்கும் கோலாலம்பூருக்கும் கொண்டுபோய், டாக்டர் பார்த்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்து, திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடுவதுதான் அவளுடைய தொழில்.

இந்தத் தொழிலுக்கு அவள் விரும்பி வரவில்லை. ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். பத்தொன்பது வயதில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து வேலை செய்தாள். கோவிட் வந்தபோது தொழிற்சாலையை இழுத்துச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் வயதைத்தான் கேட்டார்கள்.

அப்போது கைகொடுத்தவர் பக்கத்து வரிசையில் குடியிருக்கும் அன்னம்மா. தொழிற்பேட்டை வாசலில் முப்பது வருஷமாக, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்றுவந்தவர். ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக அவர் சொல்லிவைத்த டாக்சி வரவில்லை. புனிதா தன் சின்ன காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். இறங்கும்போது அன்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கையப் புடிச்சிருந்தா எனக்கு ஊசி போடுறதுகூடத் தெரியல புள்ள. இதையே ஒரு தொழிலா செய்யேன்."

சொன்னதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து நாசி லெமாக் வாங்க வந்தவர்களிடமெல்லாம் புனிதாவின் நம்பரைக் கொடுத்தார். வேண்டாம் என்றவர்களுக்கும் கொடுத்தார். புனிதா பயணிகளை ஏற்றுவதற்கான லைசன்ஸ் எடுத்தாள். இதோ, ஐந்தாவது வருஷம்.

சின்ன கார் இந்த வருஷம் தளர்ந்துபோனது. அதோடு முதுகு வலிக்காரர்களும் நீட்டிப் படுக்கவேண்டியவர்களும் கோலாலம்பூர்வரை அதில் மடங்கி உட்கார்ந்து வருவதைப் பார்க்க அவளுக்கே சங்கடமாக இருந்தது. டவுனில் ஒரு ஹோட்டல்காரர், பெரிய காராக இருந்தால் விமான நிலையத்துக்குப் போகும் விருந்தாளிகளையும் தருவதாகச் சொன்னார். செங் பகுதியில் பழைய கார் விற்கும் லிம்மிடம், ஆறு வருஷம் ஓடிய இரண்டு சொகுசு கார்கள் புனிதாவுக்கு எட்டும் விலையில் நின்றன. ஒன்று கறுப்பு நிற டீசல் கார். மற்றொன்று வெள்ளை ஹைபிரிட். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் மாறி மாறி இழுப்பது.

அவள் கணவன் காந்தனுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. சுங்கை ஊடாங்கில் எண்ணெய் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக டீசல் இன்ஜினோடு வாழ்கிறவன் அவன்.

"டீசல்தான் புனிதா. ஹைவேயில ஏறிட்டா யானையாட்டம் போவும். ஏதாச்சும் ஒண்ணுன்னா நானே பிரிச்சு மாட்டிருவேன். அந்த ஹைபிரிட்ல பேட்டரி போச்சுன்னு வையி, வீட்ட வித்துதான் புதுசு போடணும்."

"டீசலுக்கு மானியத்த எடுத்துட்டாங்கல்ல? வெல ஏறிப்போச்சேங்க."

"ஏறுனா என்ன லா? அது குடிக்கிறதே கொஞ்சம்தான்."

சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து புனிதா மேலே பேசவில்லை. கல்யாணமான புதிதில், தோட்டத்துச் செம்மண் பாதையில் அவளை வண்டியில் உட்காரவைத்து, கிளச்சை விடத் தெரியாமல் அவள் திணறியபோதெல்லாம் சிரிக்காமல் கற்றுக்கொடுத்தவன். அவன் பேச்சைத் தள்ள மனம் வரவில்லை.

லிம்மின் இழுவை லாரியைப் பழுதுபார்ப்பதும் காந்தன்தான். அந்தப் பழக்கத்தில், இரண்டு கார்களையும் தலா அரை நாள் ஓட்டிப் பார்க்க லிம் ஒத்துக்கொண்டார். அன்னம்மா போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகுத்தண்டில் அறுவை செய்து, சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். திங்களும் வியாழனும் அவரை ஆயர் குரோவுக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போவது புனிதா. அந்த இரண்டு நாளையே சோதனை நாளாக வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டீசல். சக்கர நாற்காலி பின்பக்கத்துச் சாமான் பெட்டியான பூட்டில் அப்படியே படுத்துக்கொண்டது. இன்னும் இரண்டு மூட்டை வைக்கலாம் போல இடம். மேட்டில் ஏறியபோது கார் மூச்சே வாங்கவில்லை. புனிதாவுக்கும் பிடித்துத்தான் போனது. ஆனால் சிவப்பு விளக்கில் நின்றபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அன்னம்மா இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையில் ஊன்றி, உடம்பை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தார். கார் நகர்ந்ததும் கையை எடுத்தார். அடுத்த விளக்கில் மறுபடியும் ஊன்றினார்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல லா, நல்லாதான் இருக்கு. ராணி மாதிரி போறேன்" என்றார் அன்னம்மா.

புனிதா நம்பவில்லை. நின்ற இடத்தில் இன்ஜின் அடிக்கும் மெல்லிய அதிர்வு அவள் காலுக்கே தெரிந்தது. தைத்த முதுகுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். வீட்டில் காந்தன் "எப்படி?" என்று ஆவலாகக் கேட்டபோது, "வண்டி நல்ல வண்டிதான்" என்றவள், "வியாழக்கெழம நீங்களும் வாங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காந்தன் லீவு போட்டுவிட்டு வந்தான். புறப்படும்போதே தகராறு. ஹைபிரிட்டில் பேட்டரி பின்னால் உட்கார்ந்திருந்ததால் பூட்டில் ஆழம் இல்லை. நாற்காலியை நேராக வைத்தார்கள், சாய்த்து வைத்தார்கள், தலைகீழாகவும் வைத்தார்கள். மூடியைச் சாத்த முடியவில்லை.

"நான் சொன்னேன்ல!" என்றான் காந்தன். குரலில் ஜெயித்த தொனி.

கடைசியில் நாற்காலியை மடித்து முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டார்கள். அதனால் காந்தன் பின்னால், அன்னம்மாவின் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

முதல் சிவப்பு விளக்கில் கார் நின்றது. இன்ஜின் தானாக அடங்கியது. குளிர்காற்றின் ஓசை தவிர வேறு சத்தம் இல்லை. அன்னம்மா காந்தனிடம் தன் மகன் சிங்கப்பூரில் வாடகை வீடு மாறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கை இரண்டும் மடியில் கிடந்தன. இரண்டாவது விளக்கில் கதை நீண்டது. ஆயர் குரோ நெருங்கும்போது பேச்சு நின்றது; அன்னம்மா தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். காந்தன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. திங்கக்கெழம வலிச்சுச்சா?"

அன்னம்மா சன்னல் பக்கம் பார்த்தார். "நிக்கிறப்ப மட்டும் கொஞ்சம் சுருக்குன்னுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா பாத்து வச்ச காடி. என் ஒருத்தி முதுகுக்காக நீங்க காடி வாங்க முடியுமா தம்பி?"

காந்தன் முன்சீட்டில் கிடந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்து அன்னம்மாவை இறக்கிவிட்டு, முன்சீட்டிலிருந்து நாற்காலியை எடுத்தவன், அதை அவரிடம் கொடுக்காமல் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தின் அச்சைத் தடவிப் பார்த்தான். வீட்டில் கிடந்த பழைய பிளாஸ்டிக் நாற்காலியை அன்னம்மாவுக்குப் போட்டுவிட்டு, "ஒரு ரெண்டு நாளைக்கு இது எங்கிட்ட இருக்கட்டும்க்கா" என்று பட்டறைக்கு எடுத்துப்போனான். அந்த இரண்டு நாளும் புனிதா போய் அன்னம்மாவைத் தாங்கிப் பிடித்து நடத்தினாள்.

சனிக்கிழமை நாற்காலி திரும்பி வந்தது. பெரிய சக்கரங்களின் நடுவே இருந்த போல்ட்டுகள் போய், பளபளப்பான எஃகு முளைகள் வந்திருந்தன. ஒரு பொத்தானை அழுத்தி இழுத்தால் சக்கரம் கையோடு வந்தது. வைத்துத் தள்ளினால் 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டது. காந்தன் அதை ஏழெட்டு முறை கழற்றி மாட்டிக் காட்டினான். விரல் நகங்களுக்குள் கிரீஸ் இன்னும் போகவில்லை.

"சக்கரம் தனியா, நாக்காலி தனியா வச்சா பூட் சாத்திக்கும். லிம்முகிட்ட அளந்து பாத்துட்டுதான் வந்தேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேட்டரியையும் டெஸ்ட் பண்ணச் சொல்லி, பக்கத்துல நின்னு பாத்தேன். நல்லா இருக்கு. வெள்ளைக் காடியே எடுத்துக்கலாம் புனிதா."

புனிதா அவன் கையை இழுத்து, கிரீஸ் படிந்த விரல்களைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"ஏய், துணி வீணாப் போவுது" என்றான் அவன். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் வெள்ளைக் காருக்குப் பூஜை. ஐயர் தட்டோடு வந்து, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார். காந்தன் மனைவி பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் புனிதா, "அன்னம்மா, கேட்டை நட்சத்திரம்" என்றாள்.

பின்சீட்டில் இருந்த அன்னம்மா பதறிப்போனார். "எனக்கெதுக்குப் புள்ள? காடி உன்னுதுலா!"

"தொழில் நீங்க குடுத்ததுக்கா" என்றாள் புனிதா. அன்னம்மா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அர்ச்சனை முடியும்வரை பேசவே இல்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து தாமானில் யாரும் பார்த்ததில்லை.

ஐயர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

"சரிம்மா, ஸ்டார்ட் பண்ணுங்க."

"பண்ணிட்டேன் சாமி."

"சத்தத்தையே காணோமே?"

"இதுக்குச் சத்தம் வராது சாமி" என்றான் முன்சீட்டில் இருந்த காந்தன், ஏதோ தானே செய்த கார் போல. "நின்னா அடங்கிரும், போனா தெரியாது. நோயாளிங்களுக்கு இதான் நல்லது."

புனிதா அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள். பழங்கள் நசுங்கின. பின்னால் அன்னம்மா, "பாத்துப் போ புள்ள, கோயில் வாசல்ல பிள்ளைங்க ஓடும்" என்றார். கார் ஆல மரத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது புனிதாவின் போன் அடித்தது. ரெம்பியாவிலிருந்து யாரோ இருளாண்டி என்பவர். செவ்வாய்க்கிழமை கால் டாக்டரிடம் போகவேண்டுமாம்.

"வர்றேண்ணே" என்றாள் புனிதா. "காலைல ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன். சத்தம் கேக்காது, நீங்களே எட்டிப் பாத்துக்குங்க."