பாத்திரங்களை இறக்கிய நாள்

எனக்கு எழுபத்து நாலு வயது. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் மூன்றாவது பெண் கீபோர்டு வாசிக்கிறவள். வாசிப்பதோடு நிற்கமாட்டாள், அந்த மிஷினுக்குள் இல்லாத சத்தத்தையும் உண்டாக்குவாள்.

இருபது வருஷம் கச்சேரி மேடைகளில் ஓரமாக நின்று வாசித்தவளுக்கு, போன வருஷம்தான் முதல் முறையாக ஒரு நாடகத்தின் சத்தவேலை முழுசாகக் கைக்கு வந்தது. கடல் ஊருக்குள் வருகிற சத்தம் வேண்டும், இரைச்சலாக இல்லாமல் அடிவயிற்றில் இறங்க வேண்டும் என்று நாடகக்கார சார் கேட்டிருந்தார்.

பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வீட்டில் கொண்டுவந்து வைத்துப் பத்து நாள் உட்கார்ந்தாள். "உள்ள ஒரு அலை இன்னொரு அலையை ஆட்டுதும்மா. ஆட்டம் ஜாஸ்தியானா கரகரன்னு ஆயிடும். ஆட்டமே இல்லேன்னா மொட்டையா கீது" என்பாள். அடிச்சத்தத்துக்கு எந்தக் கட்டையை அழுத்தினாலும் கரகரப்புதான். ஆட்டத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், கடைசியில் அறவே எடுத்துவிட்டாள். அப்போதும் கரகரத்தது. மிஷின் பழசு, அவ்வளவுதான் வரும் என்று அப்படியே ஒத்திகைக்கு எடுத்துப் போனாள்.

அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மொட்டைச் சத்தம் அத்தனை ஆழம்; மண்டபத்துச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே இல்லை. "மேடம், ஸ்விட்ச் போட்டீங்களா?" என்று சார் கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். நாளைக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் மறுபடி அழுத்தும்போது, நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் விரல் அதிர்ந்தது. பிள்ளைகள் ஐந்து பேரின் பேரும் வெட்டின எவர்சில்வர் பாத்திரங்கள் அலமாரித் தட்டு மூன்றிலும் நிறைய அடுக்கியிருந்தன. எனக்கு அதில் அத்தனை பெருமை. யாரையும் தொட விடமாட்டேன். கரகரத்ததெல்லாம் அவைதான்.

"ஏய், உன் மிஷின் ஒழுங்காத்தான் கீது. கத்துறது என் குண்டான்டி!"

ஓடிவந்து காதை வைத்துப் பார்த்தாள். "அடப்பாவி! பத்து நாளா உன் குண்டானையா ரிப்பேர் பண்ணிகினு இருந்தேன்?"

"அதை ஏன்டி திட்டுற? உன்னைவிட அதுக்குக் காது நல்லா கீது."

இரண்டு பேருமாக எல்லாவற்றையும் இறக்கி, பழைய புடவைகளில் சுற்றிக் கட்டிலில் வைத்தோம். இப்போது கரகரப்பு போய்ச் சத்தம் சுத்தமாக வந்தது. ஆனால் மொட்டை. ஆட்டத்தைத் துளித்துளியாக ஏற்றினாள். ஓரிடத்தில் அந்தச் சத்தத்துக்குக் கூர்மையாக ஒரு விளிம்பு வந்தது. சின்ன ரேடியோப் பெட்டியில் போட்டால்கூடக் கேட்டது.

நாடகத்தன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு மங்கியதும் அவள் ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். பக்கத்திலிருந்த பட்டுப்புடவை அம்மா, தண்ணீர் வந்துவிட்டதுபோலச் சட்டென்று காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். வரிசையில் ஒருத்தர் காலும் தரையில் இல்லை.

அவ்வளவுதான் கண்ணு. எங்கே, மொத்தத்தையும் படி. அலமாரி என் தப்பு என்பதை விட்டிருந்தால் சேர்த்துவிடு. கண்டுபிடித்ததும் நான்தான், அதையும் விடாதே.