வாளி வரிசை

என்னைப் போலக் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியை எதிர்த்துப் பேசலாமா? இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கோலாலம்பூரில் படிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நான்கே நாளான மாணவி ஒருத்தி எங்கள் ரப்பர் தோட்டத்தைப் பார்க்க வந்தாள். வெயிலில் சிவந்த மூக்கு, தொளதொளத்த சட்டை. கேமரா கிடையாது, கண்ட இடத்தில் உட்கார்ந்து நோட்டில் வரைவாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், கோலா சிலாங்கூர் கலங்கரை விளக்கத்தை அவளுக்குக் காட்டி வரும்படி கிராணி என்னை அனுப்பினார். பார்த்து முடித்ததும், "உங்கள் வீட்டைப் பார்க்கலாமா?" என்றாள். மறுக்க முடியாமல், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அழைத்து வந்தேன்.

அங்கே ஒற்றைக் குழாயின் முன்னால், ஆளுக்குப் பதிலாக எங்கள் வாளிகள் வரிசையில் நின்றன. அவள் தரையில் உட்கார்ந்து அவற்றை வரையும்போது கிராணி வந்துவிட்டார்.

"வெளிநாட்டுல காட்டுனா நமக்குத்தான் அசிங்கம்லா. கிழிக்கச் சொல்லும்மா" என்றார் என்னிடம்.

சொன்னேன். அவள் நோட்டை மூடவில்லை. "வாளி உங்களுடையது. உங்களுக்கு வேண்டாமென்றால் கிழிக்கிறேன். அவருக்காக மாட்டேன்."

என் கணவரின் வேலை கிராணியின் கையில். ஆனாலும் "கிழிக்காதே" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன்.

"கிழிக்க வேணாம்னுட்டேங்கய்யா. அசிங்கமா இருந்தா இன்னொரு கொழா போட்டுக் குடுங்க."

போய் மன்னிப்புக் கேள் என்று கணவர் தினமும் சொல்கிறார். நான் இன்னும் போகவில்லை. பிள்ளை வளர்க்கும் தாய்மார்களே, போகத்தான் வேண்டுமா? சொல்லுங்கள்.