லாங்வேஜஸ் நோன்: தமிழ், இங்கிலீஷ், மலையாளம்

பிரின்டரிலிருந்து வந்து விழும் காகிதத்தில் ஒரு சூடு இருக்கும்... கூடவே ஒரு கருகிய மை வாசனை. புதுக்கடை ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் அந்தச் சூட்டோடுதான் நானும் ஷீபாவும் எங்கள் முதல் ரெஸ்யூமைக் கையில் வாங்கினோம்.

பதினான்கு வருஷம் ஆகிறது. சட்டம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். சென்னையில் ஒரு லா ஃபர்மில் ட்ரெய்னி எடுக்கிறார்கள், நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் யாராவது உண்டா என்று கேட்கிறார்கள் என்று சீனியர் ஒருவர் சொன்னார்.

இடம் ஒன்றே ஒன்று. போட்டியில் நாங்கள் இரண்டு பேர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஷீபா மேல் பொறாமை. ஐந்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட தோழிதான், ஆனாலும் பொறாமை. அவள் சாதா சுடிதாரில் வந்தாலும் வக்கீல் மாதிரி இருப்பாள். நான் கோட்டு போட்டாலும் வழக்குக்கு வந்த கட்சிக்காரி மாதிரி இருப்பேன்.

ஷீபா ஐந்தாம் வகுப்பு வரை மலையாளம் மீடியம். எங்கள் குமரி மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லையோரம், அப்படிப் பள்ளிக்கூடங்கள் உண்டு. அதனால் 'மலையாளம் எழுத, வாசிக்கத் தெரியும்' என்று டைப் அடித்திருந்தாள்.

"ஏட்டி, அத எடுத்திரு. மெட்ராஸ்காரங்க நம்ம பேச்சக் கேட்டே மலையாளின்னு சிரிப்பாங்க. இதுல எழுதி வேற குடுக்கணுமா?" என்றேன்.

"அப்பிடியா? செரி, ஒனக்கு அறியும்லா," என்று உடனே அழித்துவிட்டாள்.

அவள் நல்லதுக்குச் சொல்வதாகத்தான் அப்போது நினைத்தேன். ஆனால் மறுநாள் நாகர்கோவிலில் வேறொரு கடைக்குத் தனியாகப் போய், என் ரெஸ்யூமில் மலையாளத்தைச் சேர்த்தது எந்த நல்லதுக்கு என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் ஊரில் இது பெரிய குற்றமும் இல்லை. டிவியில் மலையாளப் படம் பார்ப்போம், எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அப்பால் போனால் மலையாளத்தில் பேரம் பேசுவோம், ரெஸ்யூமிலும் போட்டுவிடுவோம். ஓர் எழுத்து வாசிக்க வராது... அதை யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள்.

இன்டர்வியூவில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மேடம். என் ரெஸ்யூமைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மேசை டிராயரைத் திறந்து, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஒரு பழைய பத்திரத்தை என் முன்னால் வைத்தார்.

"இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்மா."

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் தாய்ப்பத்திரம். எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் எழுதியது, முழுக்க மலையாளம். குமரிப் பிள்ளைகளைத் தேடியது இதற்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

குனிந்து பார்த்தேன்... பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பேசத் தெரியும் மேடம். வாசிக்க வராது."

அவர் கோபப்படவில்லை. அடுத்த ரெஸ்யூமை எடுத்துப் புரட்டினார். "வெளிய இருக்கறது உன் ஃப்ரெண்டா? இவளுக்கு வாசிக்கத் தெரியுமா? ஒண்ணும் போடலையே."

ஒரு வார்த்தை போதும். நான் அழிக்கச் சொன்ன வரியை வாயால் சொல்லியிருக்கலாம்.

"தெரியாது மேடம்."

நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். எனக்கு இல்லை என்று ஆனபிறகு, அவளுக்கும் கிடைக்க வேண்டாம் என்று இருந்தது.

நான் உள்ளே இருந்தது பத்து நிமிஷம். ஷீபா நாற்பது நிமிஷம் இருந்தாள். நான் சொன்ன பிறகும் அந்த மேடம் அவளிடமும் பத்திரத்தை நீட்டியிருக்கிறார். வெளியே வந்தவள், "ஒரு பழைய பத்திரம் தந்தாவ, வாசிச்சேன்," என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் அவளுக்கு ஆர்டர் வந்தது. போனில் வாழ்த்துச் சொன்னேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்று அவள் அந்த ஃபர்மில் பார்ட்னர். நான் நாகர்கோவில் கோர்ட்டில் பிராக்டீஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஃபேஸ்புக்கில் போட்டோ போட்டால் முதல் லைக் என்னுடையதுதான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது இல்லையா...

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தாள். பந்தி முடிந்து இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்தோம். இப்போது ட்ரெய்னிகளை இன்டர்வியூ எடுப்பது அவள்தானாம். எல்லாம் லேப்டாப்பில். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே பேசுகிறார்கள், கூட யார் போட்டி என்றுகூடத் தெரியாது. பொறாமைப்பட ஒரு முகம் இல்லாத இன்டர்வியூ... அந்தப் பிள்ளைகள் புண்ணியம் செய்தவர்கள்.

அப்போதுதான் சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணைக்கு நான் வாசிச்சு முடிச்சதும் அந்த மேடம், 'உனக்குத் தெரியாதுன்னு உன் ஃப்ரெண்டு சொன்னாளே'ன்னு கேட்டாவ."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வாசிக்க வரும்னு அவளுக்கு அறியாது மேடம், நான் அவகிட்ட பறஞ்சதே இல்லன்னேன்."

"ஏன் மக்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன? நம்ம ரெண்டு பேருக்க ரெஸ்யூமும் அப்பவும் மேசையில தான கெடந்து. ஒனக்கு உள்ள வாய்ப்ப நான் கெடுக்கவா?"

சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பதினான்கு வருஷம் அந்த வேலைக்காக வயிறெரிந்தவள் நான். இப்போது யோசித்தால் அந்த வேலை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. நான் அழிக்கச் சொன்னதும் தெரியும், நான் சொன்ன பொய்யும் தெரியும், அப்படியிருந்தும் எனக்காக ஒரு பொய் சொல்ல அவளுக்கு மனசு வந்திருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த மனசைப் பார்த்துத்தான் இப்போது எனக்குப் பொறாமை. இதற்கு விண்ணப்பம் போடக்கூட வழியில்லை.