‘கப்பு’ என்று கூப்பிட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், தென்காசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த புதிது. பிள்ளைகளை யாராவது கேலி செய்தாலோ மிரட்டினாலோ எழுதிப் போட, பள்ளியில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. எங்கள் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் திறப்பேன், காலியாக இருக்கும். ‘புகார் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அந்தச் சமயம் என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, செங்கல்பட்டில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துப் பெரிய கோப்பை வாங்கி வந்தாள். காலையில் அம்மாவுக்கு மீன் கூடையைத் தூக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருகிற பிள்ளை. மறுநாள் அவள் வகுப்பில் நுழைந்ததும், “டேய், கப்பு வந்துச்சிடா!” என்று பையன்கள் கத்தினார்கள். அடடா, இதுகளுக்குள் என்ன பாசம் என்று பூரித்துப்போனேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து நானும், “கப்பு, எழுந்து வாசிம்மா” என்று ஆரம்பித்துவிட்டேன். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. ‘ரொம்ப நாளா என்னை கப்புன்னு கூப்பிடறாங்க. இப்ப டீச்சரும் கூப்பிடறாங்க. நான் இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டேன்.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்றோர்களும் இருக்கிற பள்ளிக் குழுவில் சீட்டைப் படித்தேன். குழுவில் இருந்த ஆட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா டீச்சர், கப்புன்னா இங்க நாத்தம். நீங்க கோப்பைன்னு நென்ச்சிகினீங்களா?”

அவள் அதற்குள் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே குப்பத்தில் அவள் வீட்டுக்குப் போய், அர்த்தம் தெரியாமல் கூப்பிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “பசங்க சொன்னா திருப்பித் திட்டிடுவேன் டீச்சர். உங்கள இன்னான்னு திட்றது?”

திங்கட்கிழமை அவள் வந்தாள். வகுப்பு முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, அவள் சொந்தப் பெயரைச் சொல்லி வாசிக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டி காலியாக இருந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.