சந்திரன் மேல் சந்தேகம் இல்லை

போன செவ்வாய்க்கிழமை மாலை, வெள்ளவத்தைக் கடற்கரையில் கோர்ட்டில் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகிய பக்கத்து வீட்டுப் புரொக்டர் என்னை மடக்கினார்.

"அண்ணை, பென்ஷன் வரைக்கும் கடலேற்றம் அளந்தனீங்கள். சந்திரன்தான் கடலை இழுக்குது எண்டதை ஒருநாளாவது சோதிச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்ன ஆராய்ச்சி?"

நல்ல கேள்வி.

துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு கிணறு இருந்தது. கடல்நீர் குழாய் வழியாக அதற்குள் வரும். நீரில் ஒரு மிதவை. அது ஏறி இறங்க, மணிக்கூடு சுழற்றும் தாளில் பென்சில் கோடு கீறும். சந்திரனை வைத்து முன்கூட்டியே கணித்த அட்டவணையோடு அந்தக் கோடு ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

ஒரு மாதம் ஒத்துப்போகவில்லை. அட்டவணை சொன்னதைவிட ஏற்றம் தினமும் முக்கால் மணி பிந்தியது.

சந்தேகப்பட எங்கள் கந்தோரில் ஒரு வரிசை உண்டு — முதலில் ஆள், பிறகு மணிக்கூடு, பிறகு கருவி. சந்திரன் பட்டியலிலேயே இல்லை!

ஆள் என்றால், தினமும் மணிக்கூட்டை வைக்கும் கொட்டாஞ்சேனை யேசுதாசன். மணிக்கூட்டைச் சரியாக வைக்கவில்லை என்று அவரை வேலைநீக்கம் செய்யும் கடிதத்தை என்னை எழுதச் சொன்னார் எங்கள் மேலதிகாரி துரை. எழுதினேன். மூன்று பிரதிகள்... முறைப்படி.

"ஐயா, ஒவ்வொரு நாளும் துறைமுக மணிக்கூட்டைப் பாத்துத்தான் வைச்சனான். அந்தோனியார் அறிய! நாலு பிள்ளையள், ஐயா..."

கடிதத்தோடு இணைக்க வேண்டுமே என்று கோட்டுத் தாளை எடுத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஏற்றம் பிந்தியது மட்டுமல்ல, உயரமும் குறைவு. மணிக்கூடு பிசகினால் நேரம் பிசகும். கடல் குள்ளமாகுமா?

எவ்வளவு உயரம் என்று அட்டவணை சொல்லியிராவிட்டால், குறைந்தது யாருக்குத் தெரிந்திருக்கும்? நாங்கள் கேள்வி கேட்காத கொள்கை எங்களைக் கேள்வி கேட்டது.

கடலுக்குள் சுழியோடியை இறக்கினோம். குழாய் வாயெல்லாம் சிப்பி! நீர் முக்கித் தக்கி நுழைந்திருக்கிறது; கிணறு நிரம்புமுன் கடல் இறங்கத் தொடங்கிவிடும்.

சுரண்டிய மறுநாள், அட்டவணை சொன்ன நேரத்தில் பென்சில் உச்சிக்கு ஏறித் திரும்பியது. துரை, யேசுதாசன், நான் — மூவரும் தாள்மேல் குனிந்தோம். பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாத சந்திரன், துருப்பிடித்த குழாய்க்குள்ளால் வந்து எங்கள் தாளில் கோடு கீறுகிறது! எங்கோ யாரோ கணித்து வைத்தபடியே... இன்றைக்கும் நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

மூன்று பிரதிகளையும் கிழித்தேன். கிழித்ததற்கும் குறிப்பு எழுத வேண்டும் என்பது முறை. எழுதவில்லை.

யேசுதாசன் மட்டும் விடவில்லை.

"அடுத்த முறை சந்தேகத்தைச் சிப்பியில இருந்து தொடங்குங்கோ, ஐயா. நான் கடைசியில நிக்கிறன் — சந்திரனுக்குப் பக்கத்தில."