பேரிடர் வகுப்பில் எட்டாவது படித்தவள்

ஆபத்து வருவதற்கு முன்பே பயப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவர்களே, அது உங்களுக்கும் எனக்கும் என்றே உண்டான வேலை. ஆனால் அதற்கும் படிக்க வேண்டுமாம்.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடமாக ஒப்பந்தத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். தீயணைப்பு, முதலுதவி, வெள்ள மீட்பு மூன்றுக்கும் சேர்த்து ஆறு மாத வகுப்பு. தேறி வந்தால் பாதுகாப்புப் பிரிவில் நிரந்தர வேலை என்றார் மேலாளர். தேறாவிட்டால் பழையபடி பெட்டி. எட்டாவதோடு நின்றவள், நாற்பத்தாறு வயதில் நோட்டு வாங்கினேன்.

நாற்காலி

ஆசிரியர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம், இந்த அறையில் என்னென்ன ஆபத்து இருக்கிறது, எழுதுங்கள் என்றார். மற்றவர்கள் ஐந்தாறு வரி எழுதினார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். ஆடுகிற மின்விசிறி, கதவுக்குக் குறுக்கே போட்ட பெஞ்சு, தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் பிளக், கடைசியாக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடது பின்கால்.

சத்தமில்லாமல் படித்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் மெதுவாக எழுந்துகொண்டார். "நாளையிலேருந்து நான் நின்னுக்கிட்டே பாடம் எடுக்கிறேன்மா."

பொம்மை

மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்திவிட ஒரு ரப்பர் பொம்மையில் பழக்குவார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஆண் பொம்மை. முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். யாரோ தூங்குகிற மனிதரை எழுப்புவதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு முப்பது முறை அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற கவலையில் பதினொன்றில் எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அப்படி மூன்று தடவை.

என் ஜோடியாகப் படித்த கஜா, குமணன்சாவடியில் ஆட்டோ ஓட்டுகிறவர். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "யக்கா, நீ படற டென்சனப் பாத்து அந்தாளே எழுந்து குந்திக்குவான் போலகீது."

தண்ணி

கடைசித் தேர்வு திருநின்றவூரில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெருவில். ஏரி உடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வீடுகளில் இருக்கிறவர்களை வெளியேற்றிப் பள்ளி மைதானத்தில் சேர்க்க வேண்டும். யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, வெறுங்கையோடுதான் வர வேண்டும். பயிற்சிதான் என்று முதல் நாளே தெருவில் சொல்லியாகிவிட்டது. இதில் தவறினால் ஆறு மாதமும் வீண். முந்தின இரவு முழுக்க என்ன கத்துவது என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். விசில் ஊதியதும் எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது இதுதான்: "தண்ணி வந்திருச்சு, எல்லாரும் வெளிய வாங்க!"

அந்தத் தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவுகள் படபடவென்று திறந்தன. ஆளுக்கு இரண்டு குடம். ஒரு தாத்தாகூட வாக்கரில் பக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையில் வரிசை கட்டி, யார் குடம் முதலில் என்று சண்டையும் ஆரம்பித்தாயிற்று. கஜா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒட்டாத பெட்டிகள் கண்ணில் தெரிந்தன. அந்தப் பதற்றத்தில், இங்கே இல்லை, பள்ளி மைதானத்தில் என்று சொல்லிவிட்டேன். மொத்தத் தெருவும் ஓடியது.

தேர்வு அதிகாரி வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருவரும் பாக்கியில்லை. குடத்துக்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, தேர்ச்சி என்று எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். நான் மைதானத்தில் நின்று, இது லாரித் தண்ணீர் இல்லை, ஏரி உடைந்தால் என்ன செய்வது என்கிற பயிற்சி என்று விளக்கி, மன்னிப்பும் கேட்டேன். முன்வரிசையில் இருந்த அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "ஏரி ஒடைஞ்சா ஒடையட்டும்மா, லாரி எப்ப வரும்?"

இப்போது பாதுகாப்புப் பிரிவில் நீலச் சட்டை போட்டு நிற்கிறேன். ஆபத்து என்று கத்தினால் எட்டிப் பார்க்கிறவர்கள், தண்ணி என்று கத்தினால்தான் ஓடி வருவார்கள் என்பதை மட்டும் எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை.