தேன்பாறைக்கு வழி

என் தாய்மாமன் பொய் சொன்னால் அதில் உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாக இருக்கும். குற்றாலத்துக்கு மேலே இருக்கும் எங்கள் மலைக்குடியிருப்புக்கு யார் ஆராய்ச்சிக்கென்று வந்தாலும் முதலில் அவரிடம்தான் மாட்டுவார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், மாமா அளந்துகொண்டே இருப்பார். பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அப்படி வந்த ஒரு பேராசிரியர் தேன்பாறைக்கு வழி கேட்டார். எங்களில் யார் தேனெடுக்க இறங்கினாலும் மேலே கயிற்றைப் பிடிப்பது மச்சினன்தான். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவன் பிடியை விடமாட்டான். அப்பா இறங்குவார், மாமா பிடிப்பார். அந்தப் பாறைக்குப் போகும் வழியை மட்டும் வெளியாளிடம் சொல்வதில்லை. அதனால் மாமா கொஞ்சமும் கூசாமல், அது சாமி உறங்கும் இடம், எங்கள் ஆட்கள் யாரும் அங்கே கால் வைப்பதே இல்லை என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு அதே பாறையில் எடுத்த தேனைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். பேராசிரியர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கதை புத்தகத்தில் ஏறிவிட்டது எங்களுக்குத் தெரியாது. நான் நாலாம் வகுப்பு படிக்கையில், அந்தப் பாறையில் தேனெடுக்க உரிமை கேட்டு எங்கள் ஊர் மனுப் போட்டது. கீழே வனத்துறை அலுவலகத்தில் அதிகாரி அந்தப் புத்தகத்தையே விரித்துவைத்து, நீங்கள் அங்கே போவதே இல்லையாமே, பிறகென்ன உரிமை என்று கேட்டாராம். மாமா மனுவை மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அப்பா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். கயிறு மூலையில் கிடந்தது.

அந்தச் சாரல் காலத்தில்தான் தென்காசியிலிருந்து ஒரு அக்கா பஸ்ஸேறி வந்தாள். அவளும் ஆராய்ச்சிக்காரிதான். ஆனால் எழுதியதை எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுவாள். யாராவது ஒருவர் முகம் சுளித்தாலும் அந்த வரியை அடித்துவிடுவாள். தேன்பாறைப் பேச்சு வந்ததும் மாமா எழுந்து நின்றார்.

“நான் அன்னைக்குச் சொன்னது பொய்ம்மா. எங்கப்பன் காலத்துலேருந்து அங்கன தேன் எடுக்கோம். கயித்தை நான்தான் பிடிக்கேன். எழுதிக்கோ.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குட்டு வெளிப்பட்ட வெட்கம் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா எழுதி முடிக்கும்வரை நின்றவர், பிறகு மெல்லக் கேட்டார்.

“வழியையும் சொல்லணுமாம்மா?”

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்க அங்க போறீயன்னு எழுத்துல இருந்தாப் போதும். வழி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று அவள் பேனாவை மூடிவிட்டாள்.

அப்பா எழுந்துபோய்க் கயிற்றை எடுத்துவந்து, ஒரு முனையை மாமா கையில் கொடுத்தார். இருவரும் சேர்ந்து சிக்கெடுத்தார்கள். அந்த எழுத்தை வைத்துத்தான் பிறகு எங்களுக்கு உரிமை கிடைத்தது.

அன்று எனக்கோ அந்த அக்காவை நினைத்து ஒரே பாவமாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்தவள், பாறையை எழுதிவிட்டு வழியை எழுதாமல் போனால் வாசிக்கிறவர்கள் எப்படிப் போய்ப் பார்ப்பார்கள்? சாப்பிடும்போது அம்மாவிடம், அந்த அக்கா வேலையைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று அங்கலாய்த்தேன். மாமா சோற்றுக் கையோடு சிரிக்க ஆரம்பித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.